அரசன் சாக மறுத்த மாதங்கள்

என் தம்பிக்குக் கண் மங்கிய பிறகுதான் எனக்கு எழுத்து வேலை வந்தது. அதுவரை கடைக்குச் சாமான் எழுதுவேன், ஊருக்கு நாலு வரி கடிதம் எழுதுவேன், அவ்வளவுதான். நாலாம் வகுப்போடு நின்றவள் நான். எழுபத்தெட்டு வயதில் குசினி மேசையில் கொப்பியை விரித்து வைத்துக்கொண்டு ஒரு வெள்ளைக்கார அரசனின் கதையை எழுத வேண்டி வருமென்று யார் கண்டது.

அரசன் வேல்ஸ் நாட்டின் வடக்குப் பக்கத்தை ஆண்டவன். தொள்ளாயிரம் வருடத்துக்கு முந்தியவன். அவன் பெயரை நான் இங்கே எழுதவில்லை. எழுத வராது என்பதுதான் உண்மை. தம்பி அந்தப் பெயரைச் சொல்லும்போது வாய்க்குள் சுடுகிழங்கை வைத்துக்கொண்டு பேசுவது போல இருக்கும். நாலு தரம் சொல்லச் சொல்லிக் கேட்டேன். ஐந்தாம் தரம் "அரசன் எண்டே போடுறன், ஒரு அரசன்தானே இருக்கிறான்" என்றேன். அவனும் சரி என்றுவிட்டான்.

தம்பிக்கும் அந்த அரசனுக்கும் எப்படிப் பழக்கம் வந்தது என்று பலரும் கேட்டிருக்கிறார்கள். தம்பி ஊரில் சரித்திரம் படிப்பித்தவன். இங்கே வந்து சாமான் கிடங்கில் பெட்டி அடுக்கினான். வந்த புதிதில் எந்தக் கடிதம் வந்தாலும் அதன் தலையில் இந்த மாநிலத்தின் பெயர், நியூ சவுத் வேல்ஸ் என்று இருக்குமாம். "புது வேல்ஸ் ஒண்டு இருந்தால் பழசு ஒண்டும் இருக்க வேணுமே" என்று கிடங்கில் ஒரு வெள்ளைக்காரனைக் கேட்டானாம். அவன் இங்கேயே பிறந்து வளர்ந்தவன். அவனுக்குத் தெரியவில்லை. தம்பிக்கு அது பொறுக்கவில்லை. வேலை முடிந்து வரும் வழியில் பரமட்டா நூலகத்துக்குப் போகத் தொடங்கினான். அங்கே பல அரசர்கள் இருந்தார்கள். அதில் இவனைப் பிடித்துக்கொண்டான்.

ஏன் இவனை என்று நான் கேட்டிருக்கிறேன். "அவன் பிறந்தது ஒரு நாடு, சொந்தம் இன்னொரு நாடு அக்கா" என்றான். அரசனின் தகப்பனைச் சொந்த மண்ணிலிருந்து துரத்திவிட்டார்கள். கடலுக்கு அந்தப் பக்கம் அயர்லாந்தில் இவன் பிறந்தான். தாய்தான் சொல்லி வளர்த்தாள், அந்தக் கரையில் உனக்கு ஒரு நாடு இருக்கிறது என்று. வளர்ந்தவுடன் கப்பல் ஏறிப் போய்ச் சண்டை பிடித்தான். வென்றான். பிறகு தோற்றான். திரும்ப அயர்லாந்துக்கு ஓடினான். திரும்ப வந்தான்.

தம்பியின் மனைவி இறந்து ஒன்பது வருடம். பிள்ளைகள் இல்லை. எனக்குக் கல்யாணம் சரிவரவில்லை. அவன்தான் என்னை இங்கே எடுப்பித்தவன், அதனால் அவனைப் பார்க்கும் பொறுப்பு எனக்கு என்று நானே வைத்துக்கொண்டேன். யாரும் சொல்லவில்லை. வெஸ்ட்மீட்டில் இரண்டாம் மாடி வீடு. ஆஸ்பத்திரி நடை தூரத்தில். அவனுக்குக் கண்ணில் அழுத்தம். ஒரு கண் முழுதாகப் போய்விட்டது. மற்றதால் பார்ப்பது கதவுப் பூட்டில் திறப்பு போடுகிற ஓட்டையால் பார்ப்பது போல என்று சொல்வான். அந்த ஓட்டையும் சிறிதாகிக்கொண்டே வந்தது. அரசனின் கதையை இனித் தானே எழுத முடியாது என்று தெரிந்த அன்றுதான் கொப்பியை என் பக்கம் தள்ளினான்.

"நீ எழுதக்கா. நான் சொல்லுறன்."

"என்ர எழுத்தை ஆர் வாசிக்கிறது?"

"நான் வாசிக்கப் போறதில்லையே. பிறகென்ன பயம்?"

காலையில் சாப்பாடு முடிந்து, கண்ணுக்கு மருந்து விட்டு, சோற்றை அடுப்பில் வைத்துவிட்டு உட்காருவோம். அவன் தலையை நிமிர்த்தி முகட்டைப் பார்த்துக்கொண்டு சொல்வான். நான் எழுதி முடிக்க முதல் அடுத்த வசனத்துக்குப் போய்விடுவான். நான் "நில்" என்பேன். நின்றுவிட்டு, "என்ன எழுதினாய், வாசி" என்பான்.

"பேந்து அரசன் கப்பலில் ஏறினான். பேந்து கரைக்கு வந்தான். பேந்து சண்டை நடந்தது."

"அக்கா, ஒரு பக்கத்தில எத்தினை பேந்து?"

"நீ சொன்னதைத்தான் எழுதினன்."

"நான் பின்னர் எண்டு சொன்னனான்."

"பின்னரும் பேந்தும் ஒண்டுதானே. உன்ர அரசன் என்ன பண்டிதரோ?"

அவன் சிரிப்பான். அந்த நாட்களில் சிரித்தோம். அதையும் சொல்லத்தான் வேண்டும்.

அரசனைச் சொந்த ஆள் ஒருவனே காட்டிக்கொடுத்தான். எதிரிகள் பிடித்துக்கொண்டு போய்ப் பன்னிரண்டு வருடமோ பதினாறு வருடமோ சங்கிலி போட்டு வைத்திருந்தார்கள். ஒருநாள் சந்தையில் அவனைச் சங்கிலியோடு இருத்தியிருந்தபோது, நகரத்தார் எல்லாரும் சாப்பாட்டில் இருந்த நேரம் பார்த்து, சாமான் வாங்க வந்த அவன் நாட்டவன் ஒருவன் அவனைத் தோளில் தூக்கிக்கொண்டு போய்விட்டான். இதை ஒரு புதன்கிழமை எழுதினோம். வியாழக்கிழமை காலையில் தம்பி குளியலறையில் வழுக்கி விழுந்தான்.

எலும்பு முறியவில்லை. ஆனால் எழும்ப முடியவில்லை. நான் கக்கத்துக்குள் கையைக் கொடுத்துப் பார்த்தேன். பின்னால் நின்று தள்ளிப் பார்த்தேன். கடைசியில் என் முழங்காலும் விட்டுவிட்டது. அவனுக்குப் பக்கத்தில் ஈரத் தரையில் நானும் உட்கார்ந்துவிட்டேன். துவாயை எடுத்து அவன் மடியில் போட்டேன். 

"அரசனை ஒருத்தன் தோளில தூக்கினவன் அக்கா" என்றான்.

"அவனுக்கு வயசு எழுபத்தெட்டோ?" என்றேன்.

அன்று எங்களைப் பார்க்க ஒரு பிள்ளை வருகிற நாள். பிள்ளை என்றால் நாற்பது வயது இருக்கும், தமிழ்ப்பிள்ளைதான். முதியோருக்கு உதவி ஒழுங்கு செய்கிற வேலை. இரண்டு கிழமைக்கு ஒருதரம் வந்து போவாள். அவள் பத்து மணிக்கு வந்து பெல் அடித்தபோது நான் தவழ்ந்து போய்க் கதவைத் திறந்தேன். அவள் ஒரு கதிரையைக் கொண்டுவந்து வைத்து, அப்படிப் பிடி, இப்படித் திரும்பு என்று சொல்லிச் சொல்லி அவனை எழுப்பிவிட்டாள். ஐந்து நிமிடம்கூட ஆகவில்லை. அது எனக்குச் சரியான வெட்கமாக இருந்தது.

தேத்தண்ணி கொடுத்தேன். அவள் குடிக்காமல் என்னையே பார்த்தாள்.

"அன்ரி, உங்களால இனி ஏலாது."

"எனக்கென்ன குறை? நல்லாத்தான் இருக்கிறன்."

"களைப்பில்லையோ?"

"களைப்போ? எனக்கோ?"

அவள் அதற்கு மேல் என்னோடு பேசவில்லை. தம்பியோடு பேசினாள். பரமட்டாவுக்குக் கிட்ட ஒரு முதியோர் இல்லம் இருக்கிறது, தமிழ் பேசும் நர்ஸ்மார் இரண்டு பேர் இருக்கிறார்கள், கிழமையில் இரண்டு நாள் சோறு கறி. அன்ரி பஸ்ஸில் வந்து பார்க்கலாம். தம்பி எல்லாவற்றையும் கேட்டுவிட்டுச் சொன்னான்.

"ஓம் பிள்ளை, போறன். அரசன்ர கதை முடியட்டும். பேந்து வாறன்."

அங்கிளுக்குச் சம்மதம் என்று அவள் தன் கடதாசியில் எழுதிக்கொண்டாள். நான் குசினிக்குள் போய் மனதுக்குள் கணக்குப் பார்த்தேன். அரசன் சிறையிலிருந்து வெளியே வந்துவிட்டான். இனி ஆட்சி. பிறகு சாவு. இரண்டு மாதம் போதும். இரண்டு மாதம் என்னால் தாங்க முடியும். தம்பியை அனுப்பிவிட வேண்டும் என்று நான் வாயால் சொல்லவில்லை, சொல்லவும் மாட்டேன். ஆனால் அன்றிலிருந்து அரசன் சாகும் நாளை நான் எதிர்பார்க்கத் தொடங்கினேன்.

அதைக் கெடுத்தது ஸ்ட்ராத்ஃபீல்ட்டில் நடந்த கூட்டம்.

அங்கே ஒரு மண்டபத்தில் மாதம் ஒருதரம் எங்கள் வயதுக்காரர் கூடுவார்கள். யாராவது பேசுவார்கள், பிறகு வடை. அந்த மாதம் தம்பியைக் கேட்டிருந்தார்கள். அவனால் வாசிக்க முடியாது, அதனால் நான் போய் வாசிக்க வேண்டும். நல்ல சேலை உடுத்திக்கொண்டு, அவன் கையைப் பிடித்து ரயிலில் ஏற்றி இறக்கிக் கொண்டுபோனேன். மேடையில் அவன் கதிரையில் இருந்தான், நான் நின்றுகொண்டு வாசித்தேன். மெதுவாகத்தான் வாசித்தேன். நான் எழுதியது என்பதால் தடக்கவில்லை.

"வேல் நாட்டு அரசன் கடல் கடந்து வந்தான். வேல் நாட்டுச் சனங்கள் அவனை வரவேற்றார்கள்."

முன் வரிசையில் ஒரு அம்மா கை கூப்பினார். நல்லாக வாசிக்கிறேன் போலும் என்று நினைத்தேன். வேல் நாடு, வேல் நாடு என்று இன்னும் சத்தமாக வாசித்தேன். முடிந்ததும் பின்னால் இருந்து ஒருவர் "அரோகரா!" என்றார். இன்னொருவர் எழும்பி, "இது எந்தப் புராணத்தில வருகுது? நான் கேள்விப்படேல்லையே" என்று உண்மையாகவே கேட்டார்.

தம்பி தலையை என் பக்கம் திருப்பினான். "அக்கா, அந்த 'ஸ்' எங்க?"

"எந்த 'ஸ்'?"

"வேல்ஸ். வேல்ஸ் நாடு."

மண்டபம் முழுவதும் சிரித்தது. நான் மூன்று கொப்பியிலும் வேல் என்றுதான் எழுதி வைத்திருந்தேன். என் காதுக்கு அப்படித்தான் கேட்டது. முருகன் கையில் இருப்பதை அந்த நாட்டுக்குப் பெயராக வைத்திருக்கிறார்கள் என்று நினைத்து, அதனால்தான் தம்பிக்கு அந்த அரசனில் இவ்வளவு பிடிப்பு என்றும் எனக்குள் ஒரு முடிவு எடுத்திருந்தேன்.  கொப்பியை மூடிக்கொண்டு நிமிர்ந்து நின்றேன். எல்லாரும் சிரித்து முடியும்வரை உட்காரவில்லை.

அந்தச் சிரிப்பைத் தாங்கியிருப்பேன். அதற்குப் பிறகு நடந்ததுதான் என்னை விழுத்தியது. தலைவர் ஒலிவாங்கியை எடுத்து, "மாஸ்டர், அடுத்த மாசமும் கட்டாயம் வர வேணும், மிச்சத்தையும் சொல்ல வேணும்" என்றார். எல்லாரும் கை தட்டினார்கள். தம்பியை மாஸ்டர் என்று யாரும் கூப்பிட்டு முப்பது வருடத்துக்கு மேல். அவன் முகம் மலர்ந்ததை நான் பார்த்தேன். அரசன் இனி இலேசில் சாகமாட்டான் என்று அப்போதே எனக்குத் தெரிந்துவிட்டது.

அப்படியே நடந்தது. அடுத்த மாதம் அரசன் அப்பிள் மரம் நட்டான். மூன்று கிழமை நட்டான். அதற்கு அடுத்த மாதம் கோயில் கட்டினான். கட்டிய கோயிலுக்கெல்லாம் வெள்ளை அடித்தான். யாழ் போல ஒரு வாத்தியம் வாசிப்பவர்கள் வந்தார்கள். ஒவ்வொருவரும் என்ன உடுத்திருந்தார் என்று சொன்னான்.

"இதெல்லாம் புத்தகத்தில இருக்கோ?" என்று கேட்டேன்.

"இருக்கும்" என்றான்.

"இருக்கோ, இருக்குமோ?"

"எழுதன் அக்கா. சமாதானமான ஆட்சி. நாப்பது வருசத்தை ரெண்டு வரியில எழுதலாமே?"

நான் எழுதினேன். நாளுக்கு நாலு தரம் கண்மருந்து. குளிக்கும்போது கதவைத் திறந்து வைத்துக்கொண்டு வெளியே கதிரையில் இருப்பேன். சட்டையில் பொத்தான் மாறிப் பூட்டியிருப்பான், திரும்பப் பூட்டிவிடுவேன். இரவில் அவன் எழும்பும் சத்தம் கேட்டால் நானும் எழும்புவேன். காலையில் மேசையில் இருந்து எழுதும்போது கண் சொருகும். ஒருநாள் பேனையைப் பிடித்தபடியே நித்திரையாகிவிட்டேன். முழித்துப் பார்த்தால் கோயில் என்ற சொல்லின் நடுவில் இருந்து பக்கத்தின் அடிவரைக்கும் ஒரு நீளமான கோடு. தம்பி இன்னும் சொல்லிக்கொண்டிருந்தான். அவனுக்குத் தெரியாது. கோட்டின் இரண்டு பக்கமும் எழுதி முடித்தேன்.

பிறகு அந்தப் பிள்ளை டெலிபோன் எடுத்தாள். இல்லத்தில் ஒரு அறை காலியாகியிருக்கிறது. அடுத்த வெள்ளிக்கிழமை வரை வைத்திருப்பார்கள். அதற்குப் பிறகு வேறு ஆளுக்குக் கொடுத்துவிடுவார்கள், பிறகு எப்போது கிடைக்கும் என்று சொல்ல முடியாது.

தம்பியிடம் சொன்னேன்.

"அரசன் இன்னும் இருக்கிறானே அக்கா" என்றான். "பேந்து பாப்பம்."

திங்கள் போனது. செவ்வாய் போனது. புதன்கிழமை மத்தியானம் சாப்பிட்டுவிட்டு அவன் பல்கனிக் கதவுக்குப் பக்கத்தில் கதிரையில் சாய்ந்து நித்திரையாகிவிட்டான். நான் கோப்பைகளைக் கழுவிவிட்டு வந்து உட்கார்ந்தேன். முழங்கால் இரண்டும் வீங்கியிருந்தன. படுத்தால் எழும்பமாட்டேன் என்ற பயத்தில் படுக்கவில்லை. கொப்பி திறந்து கிடந்தது. அரசன் ஏதோ ஒரு விருந்தில் இருந்தான், மீன் வந்துகொண்டிருந்தது. பேனையை எடுத்தேன். யாரும் சொல்லாமல் நானாக எழுதியது அதுதான் முதல்தரம்.

"பேந்து அரசனுக்கு வயது எண்பதைத் தாண்டியது. பேந்து கண் தெரியாமல் போனது. பேந்து செத்துப் போனான். அவனைப் பார்த்தவளுக்கும் களைத்துப் போனது."

அவன் மூன்று மணிக்கு முழித்தான். தேத்தண்ணி கொடுத்தேன். "எங்க விட்டம்?" என்றான். "மீன் வந்ததில" என்றேன். "வாசி" என்றான்.

மீனை வாசித்தேன். அங்கேயே நிறுத்தியிருக்கலாம். கடைசி வசனத்தையாவது விட்டுவிட்டு வாசித்திருக்கலாம், அவனுக்குத் தெரியப் போவதில்லை. ஆனால் நான் எழுதியதை நானே மறைக்கிற பழக்கம் எனக்கு இல்லை. நாலு வசனத்தையும் வாசித்தேன்.

ஆஸ்பத்திரிக்கு ஹெலிகொப்டர் ஒன்று வந்து இறங்கிக்கொண்டிருந்தது. அதன் சத்தம் அடங்கிய பிறகு கேட்டான்.

"இது ஆர் சொன்னது?"

"நீதான் முந்தி ஒருக்காச் சொன்னனி, கண் தெரியாமல் செத்தவன் எண்டு."

"அது சரி. கடைசி வசனம்?"

நான் பேனையின் மூடியைப் போட்டேன்.

"அது புத்தகத்தில இல்லை" என்றான்.

"இருக்கும்" என்றேன்.

அவனுக்கு வாயோரம் ஒரு சிரிப்பு வந்தது. வந்து அப்படியே போய்விட்டது. தேத்தண்ணிக் கோப்பையை வைக்க இடம் தேடினான். நான் வாங்கி வைத்தேன்.

"எவ்வளவு காலமாக் களைப்பு?"

"அது கிடக்கு."

"சொல்லன்."

"நீ விழுந்ததுக்கு முதலே."

"ஒருநாளும் சொல்லேல்லையே."

"சொல்லி? ஆருக்குச் சொல்லுறது? நான் சொன்னால் நீ போறன் எண்டு சொல்லுவாய். நான்தான் உன்னைத் துரத்தினது எண்டு எனக்கே இருக்கும். உன்ர அரசன் செத்தால் ஒருத்தருக்கும் பழியில்லை."

அவன் நெடுநேரம் முகட்டைப் பார்த்துக்கொண்டிருந்தான். பார்த்தான் என்று எழுதுகிறேன், பழக்கத்தில். பிறகு, "பேனை இருக்கோ?" என்றான்.

"இருக்கு."

"அவன் அப்பிடித் தனியச் சாகேல்லை. எழுது. அவன்ர மனுசி பக்கத்தில நிண்டவள். பிள்ளையள் நிண்டவை. குருமார் நிண்டவை. கண் தெரியாட்டிலும் ஆர் எங்க நிக்கினம் எண்டு அவனுக்குத் தெரியும். ஒவ்வொருத்தருக்கும் இருக்கிறதைப் பிரிச்சுக் குடுத்தவன். பிறந்த ஊர்க் கோயிலுக்கும் குடுத்தவன், கடல் கடந்து."

"மனுசிக்கு?"

"மனுசிக்குப் பாதி. அதோட ஒரு துறைமுகம்."

"துறைமுகத்தை வைச்சுக்கொண்டு அவள் என்ன செய்யிறது?"

"கப்பல் வரும், போகும். அவள் ஒண்டும் செய்யத் தேவையில்லை. இருந்து பாத்துக்கொண்டு இருக்கலாம்."

எழுதினேன். அவன் அவசரப்படுத்தவில்லை. நான் நில் என்று சொல்ல முன்னமே நின்றான்.

"செத்துப் போனான் எண்டதை வெட்டிப்போட்டுக் காலமானான் எண்டு போடு. அரசன் அல்லோ."

"செத்தது செத்ததுதான்."

"சரி விடு."

"கடைசி வசனத்தை வெட்டவோ?"

"வேண்டாம்" என்றான். "ஸ்ட்ராத்ஃபீல்ட்டில அதையும் சேத்து வாசி. ஆரும் கேட்டால், அது சரித்திர ஆசிரியர் எழுதினது எண்டு சொல்லு."

அந்தப் பிள்ளைக்கு அவனே பேசினான். நான் இலக்கத்தை அழுத்திக் கொடுத்தேன். ஓம், ஓம் என்று நாலைந்து தரம் சொன்னான். அறையில் யன்னல் எந்தப் பக்கம் என்று கேட்டான். அவனுக்கு யன்னல் எதற்கு என்று எனக்கு வாய்வரை வந்தது, கேட்கவில்லை. கிழக்குப் பக்கமாம். காலை வெயில் முகத்தில் படும் என்று சந்தோஷப்பட்டான்.

நான் கதிரையிலேயே இருந்தேன். அழுகை வருமென்று நினைத்தேன், வரவில்லை. நித்திரைதான் வந்தது.

வியாழக்கிழமை அவள் ஒரு கறுப்புப் பேனை கொண்டுவந்து தந்தாள், துணியில் எழுதுகிற பேனை. அங்கே எல்லாருடைய உடுப்பையும் ஒன்றாகத்தான் தோய்ப்பார்களாம். அதனால் ஒவ்வொன்றிலும் பெயர் எழுத வேண்டும், ஆங்கிலத்தில் எழுத வேண்டும். தான் எழுதித் தரட்டோ என்று அவள் கேட்டாள். நான் விடவில்லை. ஒரு கடதாசியில் அவன் பெயரை ஆங்கிலத்தில் பெரிதாக எழுதித் தரச் சொன்னேன். பதினொரு எழுத்து. அதைப் பார்த்துப் பார்த்து இடுப்பில் கட்டுகிற சாரம், பெனியன், காற்சட்டை எல்லாவற்றிலும் எழுதினேன். துணி இழுபட்டது. மை ஊறிப் பரவியது. முதல் சாரத்தில் கடைசி எழுத்துக்கு இடம் போதாமல் அடுத்த வரிக்குக் கொண்டுபோனேன்.

தம்பி பக்கத்தில் இருந்தான். எழுதி முடித்ததை ஒவ்வொன்றாக வாங்கித் தடவித் தடவி மடித்தான்.

"எத்தினை முடிஞ்சுது?"

"ஒன்பது."

"இன்னும்?"

"இன்னும் கனக்க இருக்கு. பேசாமல் இரு, எழுத்துப் பிழைச்சுப் போகும்."

அவன் பேசாமல் இருந்தான். நான் பத்தாவதாக ஒரு சாரத்தை மடியில் விரித்து, ஓரத்தை இழுத்துப் பிடித்துக்கொண்டு, முதல் எழுத்தைத் தொடங்கினேன்.